அத்தியாயம் 5: முடிவெடுக்கும் உரிமையைப் பங்கிடுதல்

பள்ளி திறந்த சில வாரங்களில் பெங்களூரின் அரசுப் பள்ளிகள் பலவற்றில் தேர்தல் நடக்கும். கன்னடத்தில் 'ஷாலா சம்சத்து' என்று சொல்லும் பள்ளி நாடாளுமன்றத்துக்கான தேர்தல் அது. வேட்புமனு உண்டு, பிரசாரம் உண்டு, விரலில் மை உண்டு. சில பள்ளிகளில் கைபேசிச் செயலியே வாக்குப்பதிவு இயந்திரம் ஆகிவிடும். முடிவு அறிவித்ததும் முதலமைச்சர், சுகாதார அமைச்சர், உணவு அமைச்சர், விளையாட்டு அமைச்சர் எல்லோரும் பதவியேற்பார்கள். தனியார் பள்ளிகளில் இதுவே தோளில் பட்டை, சட்டையில் பேட்ஜ், மேடையில் உறுதிமொழி என்று இன்னும் விமரிசையாக நடக்கும்.

செப்டம்பர் மாதம் அதே சுகாதார அமைச்சரிடம் போய், "கழிப்பறையில் தண்ணீர் வரவில்லையே, என்ன செய்தாய்?" என்று கேளுங்கள். "சார் கிட்ட சொன்னேன்" என்பான். சார் என்ன செய்தார் என்றால், "ஹெச்.எம். கிட்ட சொல்லியிருக்கேன்" என்பார். தலைமை ஆசிரியரோ வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியிருப்பார். அந்தக் கடிதம் என்ன ஆனது என்று அந்தப் பிள்ளையிடம் யாரும் திரும்பி வந்து சொல்லியிருக்க மாட்டார்கள்.

தலைமைப் பகிர்வு என்ற பெயரில் நம் பள்ளிகளில் நடப்பதில் பெரும்பகுதி வேலைப் பகிர்வுதான். ஆண்டு விழாவுக்கு ஒருவர் இன்சார்ஜ், மதிய உணவுக்கு ஒருவர், இணையத்தில் விவரம் ஏற்ற இன்னொருவர். வேலை கீழே இறங்குகிறது, முடிவு மேலேயே தங்கிவிடுகிறது. இந்த அத்தியாயம் முழுவதும் ஓர் அளவுகோலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முடிவோ, அதற்கான பணமோ, அதற்கான நேரமோ, ஏதாவது ஒன்று தலைமை ஆசிரியரின் மேசையை விட்டு நகர்ந்திருக்கிறதா? நகரவில்லை என்றால் அந்தப் பள்ளியில் எதுவும் பகிரப்படவில்லை. பதவிகளின் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

பள்ளித் தலைமை பற்றிய ஆய்வுகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது கென்னத் லீத்வுட்டும் அவருடைய சகாக்களும் 2004-இல் வெளியிட்ட அறிக்கை. மாணவர்களின் கற்றலில் பள்ளிக்குள்ளே மிகுந்த தாக்கம் செலுத்துவது வகுப்பறைக் கற்பித்தல், அதற்கு அடுத்த இடம் தலைமைக்கு என்றது அது. அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஸ்பில்லேன் இன்னொரு கோணத்தைச் சேர்த்தார். தலைமை ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கவில்லை, பலர் சேர்ந்து செய்யும் அன்றாட வேலைக்குள் அது பரவியிருக்கிறது என்பது அவர் வாதம். பெங்களூரிலும் கர்நாடகத்திலும் இதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. எங்கே தடுக்கி விழுவோம் என்பதையும் அவையே காட்டுகின்றன.

ஆசிரியர்களிடமிருந்து தொடங்குங்கள்

பல பள்ளிகள் உற்சாகமாக மாணவர் பேரவையில் தொடங்கி, சில மாதங்களில் சோர்ந்துவிடுகின்றன. காரணம் எளிது. ஆசிரியர் கூட்டத்தில் தன் கருத்தைச் சொல்ல இடம் கிடைக்காத ஆசிரியர் வகுப்பில் பிள்ளைகளுக்கு அந்த இடத்தைத் தருவது அரிது. எனவே வரிசை முக்கியம். முதலில் ஆசிரியர் அறை, பிறகு வகுப்பறை.

1995-இல் மைசூர் மாவட்டத்தின் ஹெக்கடதேவனகோட்டை வட்டத்தில் நடந்ததை ஒவ்வொரு தலைமை ஆசிரியரும் தெரிந்துகொள்ள வேண்டும். காட்டோரக் கிராமங்கள், ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகள், ஒரே அறையில் பல வகுப்புப் பிள்ளைகள். அந்த வட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சிலர் ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்கு அருகே உள்ள ரிஷிவேலிக்குப் போய், அங்கே சுற்றுவட்டாரக் கிராமப் பள்ளிகளில் பிள்ளைகள் அட்டைகளை எடுத்துத் தங்கள் வேகத்தில் கற்பதைப் பார்த்தார்கள். திரும்பி வந்து, தங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி கன்னடத்தில் தாங்களே அட்டைகளும் பாடல்களும் கற்றல் ஏணியும் தயாரித்தார்கள். யுனிசெப் துணை நின்றது. அதுதான் 'நலி-கலி'. பாடநூலை வாங்கி நடத்துபவர்களாக இருந்த ஆசிரியர்கள் பாடத்தை உருவாக்குபவர்கள் ஆனார்கள். 2009-10 கல்வியாண்டில் அது மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்கு விரிந்தது. தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றலுக்கும் ஊற்று அதே ரிஷிவேலிதான். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், அப்போது ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமாரின் முயற்சியில் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் பரவியது.

விரிவடைந்தபோது ஒன்று கைநழுவியது என்பது என் கணிப்பு. அட்டைகள் எல்லாப் பள்ளிகளுக்கும் போய்ச் சேர்ந்தன. அட்டையைத் தயாரிக்கவும் திருத்தவும் ஆசிரியருக்கு இருந்த உரிமை அதே வேகத்தில் போய்ச் சேரவில்லை. ஹெக்கடதேவனகோட்டையில் கண்டுபிடிப்பாக இருந்தது வேறோர் ஊரில் இன்னொரு சுற்றறிக்கையாக வந்து இறங்கியது. உங்கள் பள்ளியில் ஏதாவது நல்ல முறையைக் கொண்டுவரும்போது இதை நினைவில் வையுங்கள். முறையோடு சேர்த்து, அதை மாற்றும் உரிமையையும் கொடுங்கள். எட்டாம் வகுப்புக் கணக்கு ஆசிரியை, "இந்தச் செயல்பாடு என் பிள்ளைகளுக்கு ஒத்துவரவில்லை, இப்படி மாற்றிக்கொள்கிறேன்" என்று சொல்லும்போது, யாரிடம் அனுமதி வாங்கினீர்கள் என்று கேட்காதீர்கள்.

பள்ளியைத் தாண்டியும் ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் தலைமை தாங்கலாம். 2011-இல் பெங்களூரைச் சேர்ந்த 'ஐ.டி. ஃபார் சேஞ்ச்' என்ற அமைப்பும் மாநிலக் கல்வித் துறையும் இணைந்து உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்காகப் பாடவாரி மன்றங்களைத் தொடங்கின. கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்கள் தங்கள் ஐயங்களையும் தாங்கள் செய்த பாடப்பொருள்களையும் பகிர்ந்துகொள்ள ஆரம்பித்தார்கள். அதிலிருந்து யாரும் எடுத்துப் பயன்படுத்தி மாற்றிக்கொள்ளக்கூடிய திறந்த கல்வி வளங்களின் தொகுப்பு ஒன்றும் உருவானது. ஒரு கிராமத்து ஆசிரியர் எழுதிய குறிப்பைப் பெங்களூர் ஆசிரியர் வகுப்பில் பயன்படுத்துவது, பயிற்சிக்கு அழைத்து நான்கு நாள் உட்காரவைப்பதைவிட ஆசிரியரின் தன்மதிப்பை உயர்த்தும்.

பெங்களூரிலேயே இதன் எல்லை வரை போன பள்ளியும் இருக்கிறது. 1990-இல் சில ஆசிரியர்கள் சேர்ந்து தொடங்கிய 'சென்டர் ஃபார் லேர்னிங்', இப்போது மாகடி சாலைப் பக்கம் வரதேனஹள்ளியில் இயங்குகிறது. அங்கே படிநிலைத் தலைமை கிடையாது. ஆசிரியர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசி முடிவெடுக்கிறார்கள். சிறிய பள்ளி, தன் விருப்பத்தில் சேர்ந்த ஆசிரியர்கள், அரசின் கட்டுப்பாடு குறைவு. ஆகவே அரசுப் பள்ளி அதை அப்படியே பின்பற்ற முடியாது. இருந்தாலும், தலைமை ஆசிரியர் இல்லாவிட்டால் பள்ளி குலைந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு முப்பது ஆண்டுகளைத் தாண்டிய அந்தப் பள்ளி ஒரு பதில்.

ஆசிரியர் கூட்டத்தை மாற்றுவது எப்படி

நம் ஆசிரியர் கூட்டங்கள் பெரும்பாலும் சுற்றறிக்கை வாசிக்கும் கூட்டங்கள். வட்டாரத்திலிருந்து வந்த ஆறு கடிதங்களைத் தலைமை ஆசிரியர் படிப்பார், எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள், மணி அடிக்கும். இதை உடைக்க ஒரே வழி, சுற்றறிக்கைகளை முதல் நாளே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவது. கூட்டத்தில் அவற்றைப் பற்றி ஐயம் இருந்தால் மட்டும் பேசுங்கள். மீதி நேரம் முழுவதும் ஒரே ஒரு பிரச்சினைக்கு. ஆறாம் வகுப்பில் இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகளை என்ன செய்வது என்பது போன்ற, பள்ளியே சேர்ந்து தீர்க்க வேண்டிய ஒன்றாக அது இருக்கட்டும்.

கூட்டத்தை ஒவ்வொரு முறையும் வேறோர் ஆசிரியர் நடத்தட்டும். தலைமை ஆசிரியர் கடைசியில் பேசட்டும். இது சின்ன விதியாகத் தோன்றும். ஆனால் அவர் முதலில் பேசிவிட்டால் அதற்கு மேல் யாரும் புதிதாக எதையும் சொல்ல மாட்டார்கள். முதலில் பேச வேண்டியவர் பள்ளிக்குப் புதிதாக வந்தவர். அடுத்து, கர்நாடகத்தில் 'அதிதி சிக்ஷகர்' என்று அழைக்கப்படும் கௌரவ ஆசிரியர். ஒப்பந்தத்தில் வருபவர்தானே என்று இவர்களைக் கூட்டத்துக்கே கூப்பிடாத பள்ளிகள் உண்டு. மிகக் கடினமான வகுப்புகள் அவர்கள் கையில்தான் இருக்கின்றன என்பதை மறந்துவிடுகிறோம்.

தீர்மானப் புத்தகத்தில் ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே ஒரு பெயரும் ஒரு தேதியும் எழுதுங்கள். "பேசப்பட்டது", "விவாதிக்கப்பட்டது" என்று முடியும் குறிப்புகளுக்குப் பயன் இல்லை. அடுத்த கூட்டம் அந்தப் பெயர்களையும் தேதிகளையும் வாசிப்பதில் தொடங்கட்டும்.

எந்த முடிவுகளை ஆசிரியர்களிடம் விடலாம்? கால அட்டவணையைத் தயாரிப்பதை முதலில் விடுங்கள். பள்ளியில் யாருக்கு எந்த நேரம், எந்த வகுப்பு என்பதைத் தீர்மானிக்கும் காகிதம் அது, மனத்தாங்கல்கள் பிறப்பதும் அங்கேதான். மூன்று ஆசிரியர்கள் கொண்ட குழு வரைவு தயாரித்து, எல்லோர் முன்னும் வைத்து, திருத்தி முடிக்கட்டும். முதல் வகுப்பை யார் எடுப்பது, வராத ஆசிரியரின் வகுப்பை எப்படிப் பங்கிடுவது, கற்பித்தல் பொருள்களுக்கான பணத்தில் என்ன வாங்குவது ஆகியவற்றையும் இந்தக் குழுவே பேசலாம்.

சகாக்கள் ஒருவர் வகுப்பை ஒருவர் பார்ப்பதும் இதில் சேரும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பார்க்கப்படும் ஆசிரியரே முன்கூட்டி ஒரு கேள்வி தர வேண்டும்: "பின் வரிசைப் பிள்ளைகள் எத்தனை முறை பேசினார்கள் என்று மட்டும் பாருங்கள்." பார்த்தவர் அதை மட்டும் சொல்ல வேண்டும். பதிவேடு வேண்டாம், மதிப்பெண் வேண்டாம், மேலதிகாரிக்கு அறிக்கை வேண்டவே வேண்டாம். அறிக்கை போகும் என்று தெரிந்த மறு நாளே அது ஆய்வாகிவிடும், அன்றைக்கு எல்லோரும் தயார் செய்த பாடத்தைத்தான் நடத்துவார்கள்.

நேரம் எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்பது நியாயம். 2025 செப்டம்பர்–அக்டோபரில் கர்நாடகத்தின் சமூக, கல்விக் கணக்கெடுப்புக்கு ஆசிரியர்கள் வீடு வீடாகப் போனார்கள். அதற்காகத் தசரா விடுமுறையே நீட்டிக்கப்பட்டது. இந்தச் சுமையைப் பள்ளி அளவில் நீக்க முடியாது. ஆகவே பெரிய திட்டம் போடாதீர்கள். பெங்களூரில் இயங்கும் சிக்ஷாலோகம், மந்த்ரா ஃபார் சேஞ்ச் போன்ற அமைப்புகள் பள்ளித் தலைவர்களிடம் வலியுறுத்துவது சிறு முன்னேற்றங்களை: சில வாரங்களில் முடியக்கூடிய, முடிந்ததா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியக்கூடிய ஒரே ஒரு மாற்றம். ஒரு பருவத்துக்கு ஒன்று போதும். அது ஓர் ஆசிரியரின் யோசனையாக, அவர் பெயராலேயே அறியப்படுவதாக இருக்கட்டும்.

பிள்ளைகளுக்கு உண்மையான வேலை

குழந்தைகளின் பங்கேற்பை அளக்க ரோஜர் ஹார்ட் 1992-இல் யுனிசெப்புக்காக எழுதிய நூலில் எட்டுப் படிகள் கொண்ட ஏணி ஒன்றை வரைந்தார். அதன் கீழ் மூன்று படிகள் பங்கேற்பே இல்லை என்றார்: பெரியவர்களின் நோக்கத்துக்குக் குழந்தைகளைப் பயன்படுத்துவது, அலங்காரத்துக்கு நிறுத்திவைப்பது, பெயருக்கு ஓரிடம் கொடுப்பது. நம் பள்ளி நாடாளுமன்றங்களை இந்த ஏணியில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலானவை கீழ்ப் படிகளைத் தாண்டுவதில்லை.

தாண்டிய எடுத்துக்காட்டும் கர்நாடகத்திலேயே இருக்கிறது. நந்தனா ரெட்டி முன்னின்று நடத்திய, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட 'தி கன்சர்ன்ட் ஃபார் ஒர்க்கிங் சில்ட்ரன்' அமைப்பின் துணையோடு, உழைக்கும் குழந்தைகள் 1990-இல் 'பீம சங்கம்' என்ற தங்கள் சங்கத்தை உருவாக்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் உடுப்பிப் பகுதியின் குந்தாப்பூர் வட்டத்தில் 'மக்கள பஞ்சாயத்து', அதாவது குழந்தைகள் ஊராட்சி வந்தது. பிள்ளைகள் தங்கள் ஊரைத் தாங்களே கணக்கெடுத்தார்கள், வரைபடம் போட்டார்கள். பள்ளிக்குப் போகும் வழியில் மழைக்காலத்தில் ஓடையைக் கடக்க நடைபாலம் வேண்டும் என்று ஊராட்சியிடம் சான்றோடு கேட்டார்கள். பெரியவர்கள் பட்டியலில் இல்லாத கோரிக்கை அது. ஓடையில் தினமும் கால் வைத்தவர்களுக்குத்தான் அது தெரியும். பின்னர் கர்நாடக அரசே குழந்தைகள் கிராம சபையை மாநிலம் முழுவதும் நடத்தும்படி சொன்னது.

கவனியுங்கள், அந்தப் பிள்ளைகள் பேச்சுப் போட்டி போல வந்து பேசவில்லை. விவரம் சேகரித்தார்கள், கேட்டார்கள், பதில் வரும்வரை விடாமல் இருந்தார்கள். உங்கள் மாணவர் பேரவைக்கும் இந்த வேலைமுறைதான் வேண்டும்.

எங்கே தொடங்கலாம்? உணவிலிருந்து தொடங்குங்கள். பெங்களூரு நகரப் பள்ளிகள் பலவற்றில் மதிய உணவு பள்ளியில் சமைக்கப்படுவதில்லை. 2000-இல் இதே நகரில் ஐந்து பள்ளிகளோடு தொடங்கிய அட்சய பாத்திரம் போன்ற அமைப்புகளின் பெரிய சமையலறையிலிருந்து வண்டியில் வந்து இறங்குகிறது. சமைப்பவருக்கும் சாப்பிடும் பிள்ளைக்கும் நடுவே பல கிலோமீட்டர் தூரம். உணவுக் குழு தினமும் மூன்றே விவரங்களை எழுதட்டும்: வண்டி வந்த நேரம், எந்தப் பண்டம் அதிகம் மிஞ்சியது, முட்டையும் வாழைப்பழமும் எத்தனை பேருக்குக் கொடுக்கப்பட்டன. ஒரு மாதத்து எழுத்தை வைத்துக்கொண்டு பேரவை ஒரு கடிதம் எழுதட்டும். "சாம்பார் நன்றாக இல்லை" என்ற புகாரை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். "இந்த மாதம் செவ்வாய்க்கிழமைதோறும் பாதிப் பாத்திரம் மிஞ்சியது" என்ற கடிதத்தை ஒதுக்குவது கடினம். கணக்குப் பாடத்தில் பட்டை வரைபடம் நடத்துகிற ஆசிரியருக்கும் அதைவிட நல்ல விவரம் கிடைக்காது.

அடுத்தது பணம். சமக்ர சிக்ஷா திட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்கு நூலகத்துக்காக மட்டும் ஆண்டுக்கு 5,000 ரூபாய் முதல் 20,000 ரூபாய் வரை, பள்ளியின் நிலையைப் பொறுத்து ஒதுக்கீடு உண்டு. அதில் ஒரு பகுதிக்கு எந்த நூல்களை வாங்குவது என்பதைப் பிள்ளைகளிடம் விடுங்கள். வகுப்பு வகுப்பாகப் போய் என்ன படிக்க ஆசை என்று அவர்களே கேட்டு, விலை விசாரித்து, தொகைக்குள் அடங்கும்படி பட்டியலைக் குறைக்கட்டும். விதிமுறைப்படி கையெழுத்தும் ரசீதும் உங்களுடையவை. தேர்வு அவர்களுடையதாக இருக்கட்டும். உங்களுக்குப் பிடிக்காத நூல் ஒன்று பட்டியலில் இருந்தாலும், அது அவர்கள் வயதுக்குத் தகாதது என்றால் தவிர, அடித்துவிடாதீர்கள். ஒரு முறை அடித்தால் அடுத்த ஆண்டு உங்களுக்குப் பிடித்த பட்டியலைத்தான் கொண்டுவருவார்கள்.

பெங்களூரு வகுப்பறைக்கே உரிய இன்னொரு வேலையும் இருக்கிறது. யாத்கீர், ராய்ச்சூரிலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை, வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை, தெலுங்கு, உருது, இந்தி பேசும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்காரும் ஊர் இது. ஆண்டின் நடுவில் புதிதாக வந்து சேரும் பிள்ளைக்கு அதன் மொழி தெரிந்த ஒரு துணை மாணவரை முதல் மாதத்துக்கு நியமியுங்கள். கழிப்பறை எங்கே என்பதிலிருந்து வகுப்பில் என்ன கேட்டார்கள் என்பது வரை அந்தத் துணை சொல்லிக்கொடுக்கட்டும். இரண்டு மொழி தெரிவதையே தகுதியாகக் கொண்ட இந்தப் பொறுப்புக்கு, வழக்கமாக எந்தப் பதவிக்கும் பெயர் வராத பிள்ளைகள் தேர்வாகிறார்கள்.

யார் தேர்வாகிறார்கள் என்பது பெரிய கேள்வி. தேர்தல் மட்டும் வைத்தால் நன்றாகப் பேசுபவர்களும் முதல் மதிப்பெண் வாங்குபவர்களும்தான் ஆண்டுதோறும் வருவார்கள். நம் வரலாற்றிலேயே இதற்கு ஒரு வழி இருக்கிறது. கி.பி. 920-ஐ ஒட்டிய முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். முன்பு பொறுப்பில் இருந்தவர் மூன்று ஆண்டுகள் மறுபடி வர முடியாது. கணக்குக் காட்டாதவருக்கு இடமே இல்லை. அந்தச் சபையில் அமரும் தகுதி மிகச் சிலருக்கே இருந்தது என்பதையும் மறைக்க வேண்டாம். நமக்கு வேண்டியது அந்த முறை மட்டும். பேரவையின் பாதி இடங்களைத் தேர்தலிலும் மீதியைக் குலுக்கலிலும் நிரப்புங்கள். பருவத்துக்கு ஒரு முறை குலுக்கல் இடங்கள் மாறட்டும். வகுப்பில் வாயே திறக்காத பெண் குலுக்கலில் வந்து, மூன்றாவது கூட்டத்தில் குடிநீர்த் தொட்டியைப் பற்றிப் பேச ஆரம்பிப்பாள்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2024 நவம்பரில் தொடங்கிய 'மகிழ் முற்றம்' திட்டத்தில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்கள் உண்டு. ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரே குழுவில் இருப்பது அதன் சிறப்பு. தமிழ்நாட்டில் இந்த நூலைப் படிப்பவர்கள் புதிதாக ஓர் அமைப்பை உருவாக்க வேண்டியதில்லை. இங்கே சொன்ன வேலைகளை அந்தக் குழுக்களுக்குக் கொடுத்தால் போதும்.

பேரவைக் கூட்டம் பள்ளி நேரத்துக்குள் நடக்க வேண்டும், மாதம் ஒரு முறையாவது நடக்க வேண்டும். கேட்டதற்குப் பதில் 15 நாளுக்குள் எழுத்தில் வர வேண்டும். "முடியாது" என்பதும் பதில்தான், காரணம் சேர்ந்திருந்தால். பிள்ளைகள் மறுப்பைத் தாங்கிக்கொள்வார்கள். பதிலே வராததுதான் அவர்களை மனம் விட்டுப்போகச் செய்கிறது.

தென்னமெரிக்காவின் கொலம்பியாவில் 1970களில் விக்கி கோல்பெர்ட்டும் அவருடைய தோழர்களும் உருவாக்கிய 'எஸ்குவேலா நுவேவா' பள்ளிகளும் நம் கிராமப் பள்ளிகளைப் போலப் பல வகுப்புகள் ஒரே அறையில் இயங்கியவைதான். கற்றல் வழிகாட்டிகளோடு மாணவர் அரசாங்கத்தையும் அவர்கள் பாடமுறையின் உள்ளேயே வைத்தார்கள். தேர்தல் நாளோடு அது முடிந்துபோகாமல் இருப்பதற்கு அதுவே காரணம்.

கொடுக்கக் கூடாதவை

தண்டிக்கும் அதிகாரத்தை எந்தப் பிள்ளையிடமும் கொடுக்காதீர்கள். ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசியவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதும் லீடர் நம் எல்லோருக்கும் தெரிந்தவர். அந்தப் பதவி சின்ன வயதிலேயே இரண்டைக் கற்றுத்தருகிறது: மேலே இருப்பவருக்குக் காட்டிக்கொடுப்பது, கீழே இருப்பவரை மிரட்டுவது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. ஆசிரியருக்கே இல்லாத அதிகாரத்தை மாணவருக்கு எப்படிக் கைமாற்ற முடியும்? இன்றே அந்த வழக்கத்தை நிறுத்துங்கள்.

பாலியல் தொல்லை, வன்முறை பற்றிய புகாரும் பேரவைக்குப் போகக் கூடாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். மறைத்தால் தண்டனை உண்டு. ஆலோசனைப் பெட்டியைத் திறப்பது இரண்டு ஆசிரியர்கள், அதில் ஒருவர் பெண், என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் மேல் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பெரிதாக எழுதிவையுங்கள். பிள்ளைகளின் மதிப்பெண், சாதி, குடும்ப நிலை பற்றிய விவரங்களும் எந்த மாணவர் குழுவின் கைக்கும் போகக் கூடாது.

பெற்றோரும் சட்டமும்

கர்நாடகத்தில் 2001 முதல் எஸ்.டி.எம்.சி. எனப்படும் பள்ளி மேம்பாட்டு, கண்காணிப்புக் குழுக்கள் இருக்கின்றன. விஞ்ஞானி ராஜா ராமண்ணா தலைமையிலான கல்விப் பணிக்குழு கொடுத்த பரிந்துரையிலிருந்து வந்தவை அவை. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம், நாடு முழுவதும் அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று வகுத்தது. சட்டத்தில் உள்ள இடம் பெரிது. நடைமுறையில் அது கையெழுத்து வாங்கும் குழுவாகச் சுருங்கிவிடுகிறது. கூலி வேலைக்குப் போகும் தாய், பகல் பதினொரு மணிக் கூட்டத்துக்கு வந்தால் அன்றைய சம்பளம் போய்விடும். கூட்டத்தை மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ வையுங்கள். வரவுசெலவுக் கணக்கை ஒரு பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அதைக் கன்னடத்திலும், பெற்றோர் பேசும் மொழியிலும் பேரவைப் பிள்ளைகளே வாசித்துக் காட்டட்டும்.

அதிகாரிகள் என்ன சொல்வார்களோ என்ற பயம் தலைமை ஆசிரியர்களுக்கு இருப்பது இயல்பு. பள்ளியில் எது தவறினாலும் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வருவது அவருக்குத்தான். ஆகவே பகிர்ந்துகொடுக்கும் ஒவ்வொன்றையும் எழுத்தில் வையுங்கள்: எந்த முடிவு, யாரிடம், எதுவரை. தீர்மானப் புத்தகம் உங்களையும் காக்கும், பொறுப்பேற்றவரையும் காக்கும்.

ஜூன் மாதம் ஆசிரியர் கூட்டத்தை மாற்றுங்கள். ஜூலையில் தேர்தலும் குலுக்கலும் நடத்துங்கள். தசரா விடுமுறைக்குள் உணவுக் குழுவின் முதல் கடிதம் போயிருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு கேட்கும் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் மூன்று ஆண்டுகளுக்கானது. நிதியாண்டு முடிய மூன்று மாதம் முன்பே அதைத் தயாரிக்க வேண்டும் என்கின்றன மத்திய அரசின் மாதிரி விதிகள். அதாவது டிசம்பருக்குள் ஆசிரியர் குழுவின் தீர்மானங்களும் மாணவர் பேரவையின் கோரிக்கைகளும் அந்தத் திட்டத்துக்குள் ஏறியிருக்க வேண்டும். அதே மாதிரி விதிகள், மேலாண்மைக் குழுவில் பெற்றோர் அல்லாத இடங்களில் ஒரு பகுதியை உள்ளூர்க் கல்வியாளருக்கோ அப்பள்ளியின் மாணவருக்கோ கொடுக்கலாம், அதைக் குழுவிலுள்ள பெற்றோரே தீர்மானிக்கலாம் என்றும் சொல்கின்றன. உங்கள் மாநில விதியைச் சரிபார்த்துக்கொண்டு, அடுத்த கூட்டத்தின் அழைப்பிதழில் இதை ஒரு பொருளாகச் சேர்த்துவிடுங்கள். விதி இடம் தராவிட்டால், சிறப்பு அழைப்பாளர்களாக ஒரு மாணவியையும் ஒரு மாணவனையும் அழையுங்கள்.